எண்ணெய் குடித்த ரோலர்கள்

ரோலர் வாங்கப் போன கடையில் நான் கத்தரிக்காய் வாங்குகிறவளைப் போல ஒவ்வொன்றையும் பெருவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். தூத்துக்குடியில் படகுச் சாமான் விற்கிற கடை அது. கயிறு, வலைநூல், பெயிண்ட், எஞ்சின் ஆயில் எல்லாம் கலந்து ஒரு வாசனை அடிக்கும். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றால் எனக்குக் கண் சொக்கும். கடைக்கார அண்ணாச்சி மூன்று தினுசு ரோலரை மேசை மேல் உருட்டிவிட்டார். கறுப்பு ரப்பர், வெள்ளை நைலான், மஞ்சளாக பி.யூ. பிளாஸ்டிக் என்று ஒன்று. மூன்றும் உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கியிருந்தன. ட்ரெய்லரில் படகை ஏற்றும்போது அதன் அடிக்கட்டை அந்த ஒடுக்கத்தில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

"அண்ணாச்சி, இதுல எது ரொம்ப நாளைக்கு உழைக்கும்?"

"எல்லாம் உழைக்கும்மா. நாம வச்சிக்கிடுத விதத்துல இருக்குல்லா."

"இந்தப் பேச்செல்லாம் வேண்டாம். உங்க படகுன்னா எதைப் போடுவீய?"

"எனக்கு ஏதும்மா படகு? ஸ்கூட்டர்தான்."

எனக்கு எரிச்சல் வந்தது. விளையாட்டுக்கா வந்திருக்கிறோம்?

என் கணவருக்குக் குடலிறக்கம். ஒரு தடவை ஆபரேஷன் செய்து, சொன்னபடி இருக்காமல் படகை இழுத்து, மறுபடியும் இறங்கி, இரண்டாம் தடவையும் தைத்தாகிவிட்டது. "கடலுக்குப் போகணும்னா போங்க. எஞ்சினைப் பிடிச்சிட்டு உட்காருங்க. இழுக்கிறது, தள்ளுறது, தூக்குறது எதுவும் கிடையாது. இன்னொரு தடவை தையல் பிரிஞ்சா என்கிட்ட வராதீங்க" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். எங்களுக்கு ஊர் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் ஆலந்தலை. எங்கள் கரையில் மணல்தான். கடலிலிருந்து வந்த படகை மணலில் இழுத்து ஏற்றியாக வேண்டும். முன்பெல்லாம் கரையில் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் ஓடி வந்து கை வைப்பார்கள். கை வைத்தவர்களுக்குக் கறிக்கு மீன் உண்டு. இப்போது அந்த நேரத்தில் கரையில் ஆள் குறைவு. பாதிப் பேர் கப்பலில், மீதிப் பேர் ஏதோ வேலையில். படகில் அவரோடு போகிறவர்கள் அவருடைய தம்பியும் இன்னும் இரண்டு பேரும்தான். அவர்கள் மூன்று பேரும் மூச்சுத் திணற இழுக்கும்போது இவரால் சும்மா நிற்க முடியவில்லை.

ஒரு நாள் சோற்றில் கை வைத்தபடியே சொன்னார்: "எனக்கு ஆகாத படகை வச்சிக்கிட்டு என்ன செய்ய? வாடைக்காத்து தொடங்குததுக்குள்ள ஒரு வழி பிறக்கலன்னா குடுத்துரலாம்ளா."

பக்கத்து ஊரில் ஒருவர் அந்தப் படகை விலைக்குக் கேட்டு அடிக்கடி போன் செய்துகொண்டிருந்தார். நான் தட்டை நகர்த்திவைத்தேன். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு இவர் வீட்டோடு இருந்த காலத்தைப் பார்த்தவள் நான். ஆள் இருப்பார், ஆனால் இருக்க மாட்டார். கூப்பிட்டால் ரொம்பத் தூரத்திலிருந்து திரும்பிப் பார்ப்பார். பகலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பார். கடலின் இரைச்சல் கூடும்போது மட்டும் தலை லேசாக அசையும். படகு போனால் அந்த மனிதரும் போய்விடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ட்ரெய்லர் யோசனை எனக்குத்தான் வந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் சரக்கை எடுத்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன். காலையில் திருச்செந்தூர் போய் அங்கிருந்து தூத்துக்குடி பஸ். வழியில் உப்பளங்கள் வரும்போது நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். இரண்டு பக்கமும் வெள்ளையாகக் குவிந்த உப்பு, நடுநடுவே வானத்தைப் பிடித்து வைத்த பாத்திகள், பஸ் எதன் மேல் போகிறது என்றே தெரியாது. ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் தூரத்தில் துறைமுகத்தின் பெரிய கிரேன்கள் புழுக்கத்தில் மிதக்கும். ஒரு வீடு அளவு பெட்டியைச் சத்தமே இல்லாமல் தூக்கி, சத்தமே இல்லாமல் இறக்கும். இத்தனை சுலபமாக எடையைத் தூக்குகிற ஊரில் என் புருஷன் குடல் சரிய ஒரு படகை இழுக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு நாள் அந்தப் பக்கம் ரோட்டில் ஒரு சின்னப் படகு ட்ரெய்லரில் போனது. அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது எங்கள் கரைப் படகுகள் எல்லாம் தானாகவே மணலில் ஏறி வீட்டுக்கு நடந்து வருவதாகக் கனவு கண்டேன். திருச்செந்தூர் வந்ததும் கண்டக்டர்தான் தட்டி எழுப்பினார்.

பட்டறையில் சொல்லி ட்ரெய்லரைச் செய்தாயிற்று. மணலில் புதையாத அகல டயர், முன்னால் கயிறு சுற்றுகிற கைச்சக்கரம். படகு அதில் ஏறிவிட்டால் ஊர் டிராக்டர் இழுத்துவிடும். பாக்கி ரோலர்தான். அதற்குத்தான் அண்ணாச்சியோடு அந்த மல்லுக்கட்டு.

எனக்கு மஞ்சள்மேல் கண். கறுப்பு ரப்பர் படகின் வெள்ளை அடியில் கோடு போடும் என்று அண்ணாச்சியே ஒப்புக்கொண்டார். நைலான் கல் மாதிரி இருந்தது. எங்களுடையது பைபர் படகு, அடியை உரசிவிடும். என் கணவர் எதையும் கேட்கவில்லை. கறுப்பு ரோலரை எடுத்து உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுற்றினார், முகர்ந்து பார்த்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "இதுதான். இது படகை நோவடிக்காது" என்றார். "கோடு போடுமாம்லா" என்றேன். "போட்டாப் போட்டுட்டுப் போவுது. நீ கஞ்சி போட்டா என் சட்டையில கோடு விழுத மாதிரின்னு நெனச்சுக்க" என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் கேலி பேசினார். அதற்காகவே நான் கறுப்பு ரப்பருக்குத் தலையாட்டினேன்.

முதல் நாள் படகு ஏறியதை இப்போது நினைத்தாலும் உடம்பு லேசாகிறது. கடல் எண்ணெய் விட்ட மாதிரி அசையாமல் கிடந்தது. தண்ணீரில் பாதி இறக்கி நிறுத்தியிருந்த ட்ரெய்லரின் மேல் படகு மூக்கை வைத்தது. கொழுந்தன் கைச்சக்கரத்தைச் சுற்றினான். ரோலர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்ப, படகு தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலுக்கு மாற்றுகிற மாதிரி மேலே வந்தது. ஒரு சத்தம் இல்லை. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"மைனி, பாத்தீயளா? வெண்ணெயில கத்தி போன மாதிரில்லா போவுது!" என்று கொழுந்தன் கத்தினான்.

நான் என் கணவரைத்தான் பார்த்தேன். அவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். ஏறிப் போகிற படகின் பக்கத்தில் உள்ளங்கையை மட்டும் வைத்திருந்தார். தள்ளவில்லை, சும்மா வைத்திருந்தார். நான் பதறிப்போய், "கையை எடுங்க!" என்று கத்தினேன். எடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து எல்லாரும் அதையேதான் சொன்னோம். கயிற்றை எடுத்தால் கொழுந்தன், "அண்ணே, நீங்க விடுங்க" என்பான். மீன் பெட்டியைத் தொட்டால் மற்ற இருவரும் பறித்துக்கொள்வார்கள். டீசல் கேனைப் பார்த்தாலே நான் முறைப்பேன். கடலில் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு, கடலுக்கடியில் கிடக்கிற பழைய முத்துப் பார்களின் மேல் இன்ன இடத்தில் வலை போடு என்று அவர்தான் சொல்ல வேண்டும். அந்தப் பாறைகளின் கிடப்பு அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். கரைக்கு வந்துவிட்டால் விருந்தாளி. எல்லாரும் பிரியத்தில்தான் செய்தோம். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கப் பழகினார்.

பிறகு ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து வரும்போது, கரையில் ட்ரெய்லர் மேல் நின்ற படகுக்கு அடியில் அவர் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு தகர டப்பா, கையில் பழைய துணி. ரோலர்களுக்குச் சாளை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கரையில் மரப்படகு இருந்த நாளில் மீன் எண்ணெய் பூசாத படகே கிடையாது. உப்புத்தண்ணீரில் இறங்குகிற எதைக் கண்டாலும் இங்குள்ளவர்களின் கை எண்ணெய் டப்பாவுக்குத்தான் போகும். எஞ்சின் மூடி, நங்கூரம், டார்ச் லைட் எல்லாம் அந்த எண்ணெய் பட்டதுதான்.

அதிலிருந்து தினமும் இதே காட்சி. வெயில் சாய்ந்து மணல் இளஞ்சிவப்பாகும். கோயில் மணி அடிக்கும். ரோலர்கள் திராட்சை நிறத்தில் பளபளக்கும். அவர் மாதா பாட்டு ஒன்றை வாய்க்குள் முனகியபடி, ஒவ்வொன்றாகத் துடைத்து, எண்ணெய் விட்டு, விரலால் சுற்றிப் பார்ப்பார். சுற்றிலும் தெருப் பூனைகள் பக்தியோடு உட்கார்ந்திருக்கும். அவர் அந்தப் பக்கம் போனதும் வந்து ரோலரை நக்கும். நாற்றம் குடலைப் பிடுங்கினாலும் நான் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அத்தனை சந்தோஷம். அவருடைய முதுகு மறுபடியும் வேலை செய்கிற முதுகாக இருந்தது.

"என்னை ஒரு நாளாவது இப்படித் தேச்சு விட்டிருக்கீயளா?" என்று கேட்டேன்.

"நீ எங்களா துருப்பிடிக்கப் போற?" என்றார்.

கோடை அப்படியே போனது. மழைக்காலம் வந்தது. படகு ஏறும்போது கொஞ்சம் முனகுகிறது என்று கொழுந்தன் சொன்னான். மணல் புகுந்திருக்கும் என்று இவர் இன்னும் நன்றாக எண்ணெய் விட்டார்.

வாடைக்காற்று தொடங்கிய வாரம். அன்று சனிக்கிழமை, எனக்கு லீவு; கரையில் மீன் ஏலத்துக்கு வழக்கத்தைவிட ஆள் கூடியிருந்தது. கடல் கலங்கி, அலை மேலே மேலே வந்துகொண்டிருந்தது. படகு வந்து ட்ரெய்லரில் மூக்கை வைத்தது. பாதி தூரம் ஏறியது. நின்றுவிட்டது. கொழுந்தன் கைச்சக்கரத்தில் தொங்கினான்; அசையவில்லை. ரோலர்கள் திரும்பவில்லை. கயிறு நரம்பு மாதிரி விறைத்தது. பின்னால் ஓங்கி அடித்த ஓர் அலையில் படகின் பின்பக்கம் திரும்பி, ட்ரெய்லரோடு சேர்ந்து சரியப் பார்த்தது.

என் கணவர் தோளில் கிடந்த துண்டை எறிந்துவிட்டுப் படகுக்கு அடியில் தோளைக் கொடுத்தார்.

"அய்யோ மாதாவே! வேண்டாம்! வேண்டாங்க!" நான் சேலையோடு தண்ணீரில் இறங்கி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை. "விடுளா! படகு போவுது!" என்று என்னைத் தள்ளினார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னைத் தள்ளியது அதுதான் முதல் தடவை. நான் கரையைப் பார்த்து அலறினேன். ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர்கள் மீனைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். வலை பிரித்தவர்கள் வந்தார்கள். மீன் வாங்க வந்த பெண்கள்கூடக் கை வைத்தார்கள். எல்லாருமாகச் சேர்ந்து கிட்டத்தட்டத் தூக்கித்தான் அந்தப் படகைக் கரையேற்றினோம்.

அவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். நல்லவேளை, தையல் பிரியவில்லை. அதை டாக்டரம்மா பார்த்துச் சொல்லும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. ஆனால் அன்று மணலில் உட்கார்ந்தபடியே, யாரையும் பார்க்காமல், "குடுத்துருவோம்" என்றார். "திங்கக்கிழமை அந்தப் பக்கத்து ஊர்க்காரருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருவோம்." பிறகு எழுந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஏமாற்றிவிட்டார் அண்ணாச்சி! மட்ட ரப்பரைத் தலையில் கட்டிவிட்டார்! கொழுந்தன் கடைக்குப் போய்ச் சண்டை போடுகிறேன் என்றான். "நீ போனா அடிதடியாகும், நான் போனாத்தான் நாக்கைப் பிடுங்குத மாதிரிக் கேப்பேன்" என்று சொல்லி, ஒரு ரோலரைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "யாரும்மா பஸ்ஸுக்குள்ள கருவாடு கொண்டு வாரது?" என்று கண்டக்டர் மூக்கைப் பொத்தினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மழையில் உப்பளங்கள் கரைந்து, வானமும் பாத்தியும் ஒரே சாம்பலாகக் கிடந்தன. கடையில் என்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். நல்ல நல்ல வார்த்தைகளாகக் கிடைத்தன.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் ரோலரை மேசையில் வைத்தேன். வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி பின்வாங்கி மூக்கைச் சுருக்கினார். பிறகு ஒரு புது ரோலரை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பழையது நன்றாக வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் வேகவைத்த கிழங்கு மாதிரி உள்ளே போயிற்று.

"இதுல என்னத்தம்மா தடவுனீய?"

"சாளை எண்ணெய். தினமும் தடவுதோம். எவ்வளவு பத்திரமா வச்சிருக்கோம் தெரியுமா?"

"அடப் பாவமே! ரப்பர் எண்ணெயைக் குடிக்கும்மா. குடிச்சா வீங்கிரும். வீங்கி ரெண்டு பக்க இரும்புலயும் இறுகிட்டா எப்படித் திரும்பும்? சும்மா வுட்டிருந்தா நல்லா ஓடியிருக்கும்லா."

ஒத்திகை பார்த்த வார்த்தைகளை எல்லாம் நான் அப்படியே விழுங்கினேன். பூனைகளுக்கு நடுவில் குந்தியிருந்த அந்த முதுகு என் கண் முன்னால் வந்தது. அத்தனை சாயங்காலமும் அவர் பிரியமாக, பாட்டோடு, அந்த ரோலர்களைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அந்த மேசையிலேயே தலையை வைத்து அழலாம் போல இருந்தது.

அண்ணாச்சிக்கு என்ன தோன்றியதோ, தண்ணீர் கொடுத்தார். பிறகு அலமாரியிலிருந்து மஞ்சள் ரோலரை எடுத்தார். "இதைப் போடுங்க. இது எண்ணெய் குடிக்காது. வெயிலுக்கு வெடிக்காது. உள்ளுக்குள்ள கம்பி மேல சுத்துததுக்கு மூடுன புஷ் வேற இருக்கு. எண்ணெய் வேண்டாம், கிரீஸ் வேண்டாம். மாட்டிட்டு மறந்துரலாம். நீங்க கையே வைக்க வேண்டாம்."

நான் அதைக் கையில் வாங்கிச் சுற்றினேன். அருமையாகச் சுற்றியது. இதைத்தானே முதலிலிருந்து தேடினேன், ரொம்ப நாளைக்கு உழைக்கிற ரோலர்? ஆனால் அண்ணாச்சி கடைசியாகச் சொன்னது காதிலேயே நின்றது. கையே வைக்க வேண்டாம். கயிற்றில் வேண்டாம், பெட்டியில் வேண்டாம், படகில் வேண்டாம், இனி இதிலும் வேண்டாம். அப்புறம் அந்த இரண்டு கையை அவர் எங்கேதான் வைப்பார்?

"அண்ணாச்சி, இதே மஞ்சள்ல மூடுன புஷ் இல்லாதது இருக்கா? கிரீஸ் அடிக்கிறது?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இருக்கு. நடுக்கம்பியில கிரீஸ் அடிக்க முனை வச்சது. ரோலர் நெடுநாளைக்கு வரும். ஆனா உப்புத்தண்ணியில இறங்குத சாமான், விடாம கிரீஸ் அடிக்கணுமே? தொந்தரவுல்லா. யாரு செய்வா?"

"செய்ய ஆள் இருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போன் கிடந்தது. நான் பையிலிருந்த மஞ்சள் ரோலர்களையும் கிரீஸ் அடிக்கிற கன்னையும் தரையில் கொட்டினேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நேராகவே சொன்னேன், ரப்பர் நம் எண்ணெயைக் குடித்து வீங்கிவிட்டது என்று.

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "அப்ப நாந்தான் கெடுத்தனா?"

"ஆமா, நீங்கதான்."

"பாத்தியா? ஒண்ணுக்கும் ஆவாத கையி."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஆவாத கையின்னு இன்னொரு தடவை சொன்னீயன்னா நான் பொல்லாதவ ஆயிருவேன்! இங்க பாருங்க. இந்த ரோலருக்கு விடாம கிரீஸ் அடிக்கணுமாம். விட்டா இறுகிருமாம். எனக்கு பஸ்ஸுல போய்ட்டு வாரதுக்கே நேரம் பத்தல. உங்க தம்பி ஒரு நாள் செய்வான், மறுநாள் மறந்துருவான். நீங்க பாக்கலன்னா படகு ஏறாது. வேணுமா, வேண்டாமா, சொல்லுங்க" என்று கிரீஸ் கன்னை அவர் மடியில் வைத்தேன்.

அவர் கிரீஸ் கன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் ரோலரை எடுத்தார். முகர்ந்தார். கன்னத்தில் மட்டும் வைக்கவில்லை. "மேல எண்ணெய் பட்டா?" என்று கேட்டார். "இது குடிக்காதாம்" என்றேன். தம்பியைக் கூப்பிட்டு ரோலர்களை எடுத்து வரச் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கரைக்குப் போனார்.

நான் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மழை விட்டு, மணலும் கடலும் ஒரே வெளிச்சமாக இருந்தன. கொழுந்தன் ரோலர்களை மாட்டி முடித்திருந்தான். கிரீஸ் கன்னை வாங்க அவன் கை நீட்டினான். "அண்ணே, நீங்க விடுங்க, நான்..."

"ஏலே, கையை எடு" என்றார் என் கணவர். "இது என் வேலை."

கொழுந்தன் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன். அவர் படகுக்கு அடியில் குந்தி, ஒவ்வொரு முனையாகத் தேடி, கிரீஸ் பிதுங்கி வரும்வரை அழுத்தி, விரலால் வழித்து, சுற்றிப் பார்த்தார். பூனைகள் வந்து முகர்ந்துவிட்டு ஏமாந்து போயின. அவருடைய வாய்க்குள் மாதா பாட்டு மெல்லத் தொடங்கியது. மூடிய புஷ் வைத்த ரோலர் ஒன்று உலகத்தில் உண்டு என்று இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது; படகு கேட்ட பக்கத்து ஊர்க்காரராகத்தான் இருக்கும். அவர் எழுந்திருக்கவில்லை. முழங்கை வரை கிரீஸாக இருந்த இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "ஏளா, நீ எடுத்துப் பேசு" என்றார். "படகு விக்கலன்னு சொல்லு. எனக்குக் கை ஒழியல."